பாசி வளர்க்கப் புதிதாக வந்தவர்கள் மனசு விட்டுப் போகாமல் முதல் வருடத்தைக் கடக்க

மண்டபம், முனைக்காடு பக்கமும், ராமேசுவரம் தீவுக்குள் சம்பை, ஓலைக்குடா பக்கமும், வடக்கே தொண்டி வரைக்கும் புதிதாகப் பாசி கட்ட, அதாவது கப்பாபைகஸ் என்ற கடற்பாசியை மிதவையில் கட்டி வளர்க்க வருகிறவர்கள் இருந்துகொண்டேதான் இருக்கிறார்கள். மிதவை கட்டுவது, முடிச்சுப் போடுவது, அறுப்பது, காயவைப்பது எல்லாம் பயிற்சியில் சொல்லித் தந்துவிடுவார்கள். கை பழகவும் ரொம்ப நாள் ஆகாது. ஆனாலும் வேலை நன்றாகத் தெரிந்தவர்களே சில மாதத்தில் மூங்கிலை விறகுக்குப் போட்டுவிட்டுப் போவதைப் பார்க்கிறோம். ஒரு நாள் தண்ணீருக்குள் இறங்கினால் பாதிப் பாசியைக் காணோம். இன்னொரு நாள் மிச்சம் இருந்தது வெளுத்துக் கிடக்கிறது. வீட்டுக்கு வந்தால் "அப்பவே சொன்னேன்ல" என்கிறார்கள். அதோடு மனசு விட்டுப் போகிறது. அந்த மாதிரி நாட்களில் என்ன செய்யலாம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தைரியமாக இரு என்று சொல்வதால் யாருக்கும் தைரியம் வந்துவிடாது. கண்ணால் பார்த்து, கையால் தொட்டு, எடை போட்டுத் தெரிந்துகொள்ளக் கூடியதைத் தெரிந்துகொண்டால் பயம் பாதி குறையும்; மீதிக்கு என்ன செய்வது என்றும் புரியும். கீழே சொல்வதெல்லாம் அதற்கான வேலைகள்.

கடலில் இறங்கும் முன் கணக்குப் போடுங்கள்

ஏமாற்றத்தில் பெரும்பங்கு கடலால் வருவதில்லை, நாம் மனசுக்குள் போட்டு வைத்த கணக்கால் வருகிறது. அதனால் உள்ளபடியான கணக்கை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

இங்கே வழக்கமாகக் கட்டும் மிதவை 12 அடிக்கு 12 அடி மூங்கில் சட்டம். அதில் 20 கயிறு, கயிற்றுக்கு 20 துணுக்கு, ஒரு துணுக்கு 150 கிராம். ஆக ஒரு மிதவைக்கு 60 கிலோ விதைப்பாசி. நல்ல பருவத்தில் 45 நாளில் அது 240, 260 கிலோ வரைக்கும் வரும். மறுபடி கட்ட 60 கிலோ எடுத்து வைத்துவிட்டால் 180 முதல் 200 கிலோ வரை மிஞ்சும். பத்துக் கிலோ ஈரப்பாசி காய்ந்தால் ஒரு கிலோதான். அப்படியானால் ஒரு மிதவையிலிருந்து விற்பனைக்குப் போவது 18 முதல் 20 கிலோ வரை காய்ந்த பாசி. முதல் அறுவடையைத் தார்ப்பாயில் விரித்துவிட்டு இரண்டு மூன்று நாள் கழித்து வந்து பார்க்கிறவர்களுக்குப் பகீரென்று இருக்கும். அத்தனை பெரிய குவியல் ஒரு சாக்குக்குள் அடங்கிவிடும். யாரும் அள்ளிக்கொண்டு போகவில்லை, போனது தண்ணீர்தான்.

இன்றைய விலையைக் கேட்டு, குறைந்த அளவான 18-ஆல் பெருக்குங்கள். கயிறு, வலை, மூங்கில், வண்டிக்கூலி எல்லாவற்றையும் கழியுங்கள். வருகிற தொகையை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி, வீட்டில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டுங்கள். இது முக்கியம். பிறகு வருகிற பேச்சில் பாதி இங்கேயே முடிந்துவிடும்.

ஆளுக்கு 45 மிதவை வைத்தால் தினம் ஒன்று அறுக்கலாம் என்று சொல்வார்கள். சரியான கணக்குதான், ஆனால் கை பழகியவர்களுக்கு. முதல் பருவத்தில் பத்துக்குள் நிறுத்துங்கள். பத்தில் ஐந்து போனால் வருத்தம். 45-இல் முப்பது போனால் கடன்.

"வளரவே மாட்டேங்குதே" என்று தோன்றும்போது

கட்டிப் பத்து நாளில் எல்லாருக்கும் இந்தச் சந்தேகம் வரும். தினம் பார்க்கிற கண்ணுக்கு வளர்ச்சி தெரியாது. 150 கிராம் 45 நாளில் 600 கிராம் ஆக வேண்டுமானால் ஒரு நாளைக்குச் சுமார் 3 விழுக்காடு கூட வேண்டும். முதல் 15 நாளில் அது 240 கிராமை ஒட்டி வரும், 30-ஆம் நாள் 380 கிராமை ஒட்டி. மிச்ச 220 கிராமும் கடைசி 15 நாளில் சேர்வது. வட்டி குட்டி போடுவது மாதிரிதான், முன்னால் மெதுவாக, பின்னால் வேகமாக. அதனால்தான் முப்பதாம் நாளில் "எதுக்கு இதுன்னு" அறுத்துவிடுகிறவர்கள் வர வேண்டியதில் ஏறக்குறைய பாதியைக் கடலிலேயே விட்டுவிடுகிறார்கள்.

செய்ய வேண்டியது இதுதான். ஒரு மிதவையில் நடுவில் ஒன்று, ஓரத்தில் இரண்டு என மூன்று துணுக்குகளுக்குப் பக்கத்தில் சிவப்பு நூல் கட்டிவிடுங்கள். 15 நாளைக்கு ஒரு தரம் அந்த மூன்றை மட்டும் தண்ணீர் உதறி, தொங்கு தராசில் எடை போட்டு எழுதுங்கள். 240 வர வேண்டிய இடத்தில் 200 வந்தால் கொஞ்சம் மந்தம், அவ்வளவுதான். 160-இல் நின்றால் அந்த இடத்தில் ஏதோ கோளாறு. இரண்டும் வேறு வேறு சேதி. தராசு இல்லாவிட்டால் இரண்டுக்கும் ஒரே கவலைதான் வரும்.

எந்த மாதத்தில் எது வரும்

ராமேசுவரம் தீவுக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. நாம் பாசி கட்டுவது வடகடலில். ஐப்பசி, கார்த்திகையில் வாடை எழும்பினால் அலை மிதவையைப் புரட்டும். மழைத்தண்ணீர் கலந்து கடலின் உப்பும் குறையும். பாசிக்கு இரண்டுமே ஆகாது. சித்திரை, வைகாசியில் காற்று ஓய்ந்து, கரையோரத் தண்ணீர் சூடேறிக் கிடக்கும், அதுவும் ஆகாது. வாடை ஓய்ந்து தை, மாசியில் தொடங்குவதுதான் புதியவர்களுக்கு நல்லது. முதல் அறுவடை கைக்கு வந்த பிறகு கோடையைப் பார்த்தால் மனசு தாங்கும். கோடையிலேயே தொடங்கினால் பாசி என்றாலே இப்படித்தான் போல என்று தோன்றிவிடும்.

பழையவர்களைக் கேட்டால் 2013, 2014-இல் நடந்ததைச் சொல்வார்கள். அதற்கு முன்னால் உச்சத்தில் இருந்த விளைச்சல், கடல் சூட்டில் பாசி கொத்துக்கொத்தாகச் செத்துச் சரிந்துபோனது. நிறையப் பேர் மீன் வேலைக்கும் கூலி வேலைக்கும் திரும்பினார்கள். தொழில் அதோடு முடிந்தது என்று பேசிய கரையில்தான் இன்றும் மிதவைகள் கிடக்கின்றன. இதைச் சொல்வது உங்கள் பாசி சாகாது என்று நம்ப வைப்பதற்காக இல்லை. செத்தால் அது உங்களுக்கு மட்டும் நடந்தது இல்லை, உங்கள் கைராசியும் இல்லை என்று தெரிந்துகொள்வதற்காக.

பாசி போன அன்றைக்கு

அன்றைக்கு ஒரு முடிவும் எடுக்காதீர்கள். ஈரச் சேலையோடு கரையில் நின்றுகொண்டு "இனி இந்த வேலையே வேண்டாம்" என்று சொல்வது எளிது. சொல்லிவிட்டால் நாலு பேர் முன்னால் சொன்ன வார்த்தை ஆகிவிடும், திரும்புவது கஷ்டம். முதலில் ஒரு துணுக்கைக் கையில் எடுங்கள்.

சம்பைக் கரையில் இரண்டு பேர் பேசிக்கொண்டது நினைவுக்கு வருகிறது.

"எல்லாம் போச்சு மதினி. நமக்கு இது ராசியில்ல."

"ராசிய விடு. அந்தக் கயித்த இழு. நுனி எப்படி இருக்கு?"

"நுனியே இல்ல."

"கடிச்ச மாதிரியா, அழுகுன மாதிரியா?"

"வெட்டி விட்ட மாதிரி மொட்டையா இருக்கு."

"அப்ப ஓரா மீன் மேஞ்சிருக்கு. கீழ வலையத் தடவிப் பாரு."

மிதவைக்கு அடியில் கட்டிய வலையில், மூலைப் பக்கம், கை நுழைகிற அளவுக்கு ஓட்டை. மூங்கிலில் உரசி உரசிப் பிய்ந்திருந்தது. அதை அங்கேயே தைத்தார்கள். போன பாசி திரும்பவில்லை. ஆனால் பக்கத்து மிதவைகளின் வலையையும் அன்றே தடவிப் பார்த்து, பிய்யத் தொடங்கியிருந்த இன்னொன்றைப் பிடித்துவிட்டார்கள். "ராசியில்ல" என்று கரையேறியிருந்தால் மறுநாள் அதுவும் போயிருக்கும்.

துணுக்கைப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் தெரிந்துவிடும். கிளையின் நடுப்பகுதி வெள்ளையாகி, விரலால் அழுத்தினால் நொய்ந்து உடைகிறதா? நுனி மட்டும் நிறம் மாறாமல் இருக்கிறதா? அது வெள்ளை நோய். தண்ணீர் சூடாகி, ஓட்டம் இல்லாமல் தேங்கி, அல்லது உப்புக் குறைந்து பாசி சோர்ந்து போகும்போது வருவது. அதற்கு மருந்தடிக்க முடியாது. வெளுத்ததை வெட்டி எடுத்துவிட்டு, நல்ல நுனிகளை மட்டும் தனிக் கயிற்றில் கட்டி, கொஞ்சம் ஆழமான, நீரோட்டம் உள்ள இடத்துக்கு மிதவையை நகர்த்த வேண்டும். முப்பது நாளைத் தாண்டிய பாசி என்றால் இருப்பதை உடனே அறுத்துக் காயவைப்பது மேல். நான்கு நாள் பொறுத்துப் பார்ப்போம் என்று விட்டால் அது கழன்று தரைக்குப் போய்விடும்.

முடிச்சு போட்ட இடத்தில் மட்டும் அறுந்திருந்தால் இறுக்கிக் கட்டியிருக்கிறோம் என்று பொருள். பாசி பருத்து வரும்போது கயிறே அதை அறுத்துவிடும். சுண்டு விரல் நுழைகிற இடம் விட்டுக் கட்டினால் தீர்ந்தது. பாசியின் மேல் மண்படிவு இருந்தால் கயிற்றை உதறிவிட வேண்டும். நூல் நூலாக வேறு பாசி சுற்றியிருந்தால் கையால் உருவ வேண்டும். இவை தினசரி வேலைகள், விட்டுப்போனது தெரிந்தால் நாளையிலிருந்து சேர்த்துக்கொள்ளலாம்.

பார்த்ததை நோட்டில் இரண்டு வரி எழுதுங்கள். மூன்றாவது வரியில் நாளைக்குச் செய்யப் போகிற ஒரே ஒரு வேலை. "வலை தைக்க நூல் வாங்க வேண்டும்" என்ற அளவுக்குச் சின்னதாக இருக்க வேண்டும். "இனிமேல் கவனமாக இருக்க வேண்டும்" என்று எழுதினால் அதை வைத்துக்கொண்டு காலையில் எந்த வேலையும் செய்ய முடியாது.

காயப் போட்ட பாசி திடீர் மழையில் நனைந்துவிட்டால் வருகிற எரிச்சல் தனி. உழைப்பு முழுவதும் முடிந்த பிறகு வருகிற இழப்பு அது. நல்ல தண்ணீர் பட்டால் பாசியின் தரம் போய்விடும், விலை குறையும். வானம் கருத்தால் மூட இன்னொரு தார்ப்பாய், முடிந்தால் தரையை விட்டு உயர்ந்த ஒரு பரண். அதற்கு ஆகும் செலவை யோசிப்பதை விட ஒரு மழையில் போகிற தொகையை யோசியுங்கள்.

குழுவுக்குள் சண்டை வரும்போது

கடல் மேல் வருகிற கோபத்தைக் கடலிடம் காட்ட முடியாது. பக்கத்தில் நிற்கிறவரிடம்தான் காட்டுவோம். புதுக் குழுக்களில் பாசி போனதும் வருகிற முதல் கேள்வி "இது யார் கட்டுன கயிறு?" என்பது. இந்தக் கேள்வியைக் கேட்கவே கேட்காதீர்கள். "எந்த முடிச்சு அவிழ்ந்திருக்கு?" என்று கேளுங்கள். முடிச்சைக் காட்டினால் கட்டியவருக்குத் தானே தெரிந்துவிடும், நாலு பேர் முன்னால் தலை குனிய வேண்டியதும் இல்லை. மறுநாள் அவரும் வேலைக்கு வருவார்.

பணப் பேச்சைக் கரையில் வைத்துக்கொள்ள வேண்டாம். மாதத்தில் ஒரு நாள் குறித்து, சாப்பிட்ட பிறகு, நோட்டை நடுவில் வைத்துப் பேசுங்கள்.

ஒவ்வொரு குழுவிலும் "இது தேறாது" என்று சொல்கிற ஒருவர் இருப்பார். அவரை வாயடைக்கப் பார்ப்பார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. மற்றவர்கள் பார்க்காத கோளாறை முதலில் பார்க்கிறவர் அவராகத்தான் இருப்பார். எடை போடுகிற வேலையையும் வலையைச் சோதிக்கிற வேலையையும் அவரிடம் கொடுங்கள். தேறாது என்று சொல்கிறவர் எதனால் என்பதையும் சேர்த்துச் சொல்லத் தொடங்கினால், குழுவுக்கு அதை விட நல்லது வேறு இல்லை.

வீட்டிலும் கடனிலும்

மனசு விட்டுப் போகிறவர்களை உட்காரவைத்துக் கேட்டால் பல நேரம் பாசியைப் பற்றிப் பேச மாட்டார்கள், தவணையைப் பற்றித்தான் பேசுவார்கள். வாரா வாரம் கட்ட வேண்டிய கடனை எடுத்து 45 நாளில் பணம் வருகிற தொழிலில் போட்டால், முதல் ஆறு வாரம் தவணைக்காரர் வருகிற நாளெல்லாம் பாசி மேல் வெறுப்பு வரும். அந்த வெறுப்புக்கும் பாசி வளர்ச்சிக்கும் சம்பந்தமே இல்லை. முடிந்தவரை வாரத் தவணைக் கடனை இதில் போடாதீர்கள். மீன்வளத் துறை வழியாக மத்திய அரசின் பிரதமர் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் மானியம் உண்டு. 2020-இல் தொடங்கிய திட்டம். பெண்களுக்கும் பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கும் திட்டம் குறித்த அலகுச் செலவில் 60 விழுக்காடு வரை, மற்றவர்களுக்கு 40 விழுக்காடு வரை. இப்போதும் நடப்பில் இருக்கிறதா என்று துறையில் கேட்டுவிட்டு விண்ணப்பியுங்கள். ஆனால் இந்தத் தேதிக்குள் வந்துவிடும் என்று நம்பி வேறு யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

முதல் வருடம் வீட்டுக்காரரின் மீன் வருமானத்தையோ உங்கள் பழைய வேலையையோ முழுதாக விட வேண்டாம். பாசி ஒன்றையே நம்பி நிற்கிறபோது சின்ன இழப்பும் பெரிதாகத் தெரியும்.

"இந்தப் பாசி கடலைக் கெடுக்குது" என்று யாராவது சொன்னால்

ஊருக்குள் பெப்சிப் பாசி என்று சொல்கிற கப்பாபைகஸ் இந்தக் கடலில் தானாக முளைத்தது இல்லை, வெளியிலிருந்து வந்தது. மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில் அது பவளப்பாறை மேல் படர்ந்திருப்பதாக 2008-இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அந்தப் பகுதியின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா. கேட்கிறவருக்குக் கோபமாகப் பதில் சொல்ல வேண்டாம், கேள்வி நியாயமானது. பவளம் செத்தால் மீன் போகும், அந்த மீனை நம்பி இருப்பதும் நம் ஊர்தான்.

நம்மால் ஆகிறதைச் செய்யலாம். அனுமதித்த வடகடல் இடங்களை விட்டு வேறெங்கும் கட்டாதீர்கள். கழன்று மிதக்கிற துண்டுகளையும் கரை ஒதுங்கியதையும் அள்ளி வாருங்கள். அழுகியதைக் கடலில் எறியாமல் கரையில் உலர்த்துங்கள். அடி வலை மீனைத் தடுப்பதற்கு மட்டும் இல்லை, பாசி போகாமல் இருக்கவும்தான். இதையெல்லாம் செய்கிறவர் அந்தக் கேள்விக்கு நிமிர்ந்து பதில் சொல்லலாம்.

சட்டதிட்டங்கள் மேல் வருகிற கோபத்துக்கு இந்தக் கரையிலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று இயற்கைப் பாசி எடுத்துப் பிழைத்த பெண்களுக்குத் தீவுப் பக்கம் போகத் தடை வந்தபோது, உரிமை கேட்டுப் போராடியதோடு அவர்கள் நிற்கவில்லை. மாதத்தில் 12 நாள் மட்டும் எடுப்பது, இரும்புச் சுரண்டி இல்லாமல் கையாலேயே பறிப்பது என்று தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அந்தப் பெண்களை முன்னின்று நடத்திய பாம்பன் சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015-இல் அமெரிக்காவின் சீக்காலஜி அமைப்பு விருது கொடுத்தது. கோபப்படுவதற்கு அவர்களுக்கு எல்லா நியாயமும் இருந்தது. அந்தக் கோபத்தோடு கடலைக் காக்கிற ஏற்பாட்டையும் சேர்த்துக் கொண்டுபோய் வைத்ததால்தான் அவர்கள் பேச்சுக்கு எடை வந்தது.

எந்தச் சந்தேகத்துக்குக் காது கொடுக்க வேண்டும்

எல்லாச் சந்தேகத்தையும் தள்ளிவிடச் சொல்ல மாட்டேன். நல்ல பருவத்தில், வலை சரியாக இருந்து, முடிச்சு சரியாக இருந்து, தொடர்ந்து இரண்டு அறுவடைக்கும் எடை ஏறவில்லை என்றால் அந்த இடம் பாசிக்கு ஒத்துவரவில்லை. மிதவையை இழுத்துக்கொண்டு வேறு இடம் பாருங்கள். மண்டபத்தில் மத்திய உப்பு, கடல்வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையமும் கடல்மீன் ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன. வெளுத்த துணுக்கையும் எடை எழுதிய நோட்டையும் கொண்டுபோய்க் காட்டிக் கேளுங்கள். நோட்டு கையில் இருந்தால் பேச்சு சீக்கிரம் விஷயத்துக்கு வரும்.

இடம் மாற்றியும் சரிவரவில்லை, அல்லது இடுப்பளவுத் தண்ணீரில் நிற்க உடம்பு ஒத்துழைக்கவில்லை என்றால் விட்டுவிடலாம். அதில் அவமானம் எதுவும் இல்லை. விடுகிற முடிவையும் நல்ல அறுவடை முடிந்து, கணக்கு எழுதி, நிதானமாக எடுங்கள். மூங்கிலையும் கயிற்றையும் புதிதாக வருகிற யாருக்காவது விலைக்குக் கொடுக்கலாம்.

தொடரப் போகிறவர்கள் புரட்டாசி கடைசிக்குள் இருப்பதை அறுத்துவிட்டு மிதவைகளைக் கரையேற்றுங்கள். மூங்கிலை நிழலில் அடுக்கி, வலையைக் கழுவிக் காயவைத்து மடித்து வையுங்கள். தை மாதத்துக்கு வேண்டிய விதைப்பாசிக்கு யாரிடம் எவ்வளவு என்று அப்போதே சொல்லி வைத்துவிடுங்கள். வாடை ஓய்ந்த பிறகு கரை முழுக்க எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்பார்கள், கேட்ட அளவு கிடைக்காது.